இரண்டாவது தும்மல்

எங்கள் மாதுங்கா வீட்டில் என் மூக்கின் சம்மதம் இல்லாமல் எந்த நல்ல காரியமும் தொடங்கியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மழை விட்டுப் புல் பூக்க ஆரம்பித்தால் பொங்கல் வரைக்கும் எனக்குத் தும்மல்தான். யாராவது கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் அபசகுனம். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். கூடவே இன்னொன்று வந்துவிட்டால் தோஷமில்லை. அப்பா ஒரு காலில் செருப்போடு வாசலில் காத்து நின்று, ஆபீஸ் ரயிலைக் கோட்டைவிட்ட நாட்கள் உண்டு.

அப்பாவின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள், என் தும்மலைக் கேட்டுவிட்டுக் காபியைப் பாதியில் வைத்து எழுந்துபோகும்வரை இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அத்தையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று, எட்டு வயதுக்காரி நான் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

தும்மலுக்கு ஊசி உண்டு என்று கேட்டுக்கொண்டு வந்தவளும் அத்தைதான். அவள் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். எனக்கு எது ஆகாது என்று டாக்டர் என் கையில் வரிசையாகக் குத்திப் பார்த்தார். புல்லின் மகரந்தம் பட்ட இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்தது. அதையே துளித்துளியாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கலாம், முதலில் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, மொத்தம் மூன்று வருஷம், குணம் தெரியவே மாதக்கணக்காகும், ஆனால் நிலைக்கும் என்றார். ஆகாததையே ஏற்றுவதாவது என்று அம்மா பயந்தாள். மூன்று வருஷமா என்று அப்பா இழுத்தார். கடைசியில் டாக்டர் என்னைக் கேட்டார். ஊசி என்றால் எனக்குக் குலை நடுங்கும். அத்தையைப் பார்த்தேன். போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

இரண்டு ஊசி ஆனபோது செம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். என்னை மாடி வீட்டில் விட்டுவிட அம்மா பார்த்தாள். அதுதான் ஊசி போட்டாயிற்றே என்று நான் அடம்பிடித்தேன். மாதக்கணக்கு என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறியிருக்கவில்லை.

"அவ இருக்கட்டும் மன்னி," என்றாள் அத்தை.

மாப்பிள்ளை அத்தையின் வேலையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அத்தை அவரை இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்ததை எண்ணிக்கொண்டேன். அவருடைய அம்மா வெற்றிலைத் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். நான் தும்மினேன்.

ஒன்றுதான். நீட்டிய கை அப்படியே நின்றது. இன்னொன்றை வரவழைக்க மூக்கைக் கசக்கிப் பார்த்தேன். பாழும் மூக்கு அன்றைக்கென்று ஓய்ந்துவிட்டது.

அப்போது பாயில் உட்கார்ந்திருந்த அத்தை தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கூடம் அதிரத் தும்மினாள்.

"ரெட்டைத் தும்மல். சுபந்தான்," என்று தட்டை வாங்கிக்கொண்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

வீடே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் அத்தையின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜலதோஷம்கூடப் பிடிக்காத அத்தைக்கு என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டுவிட்டதே! அடுத்த சனிக்கிழமை அத்தை என்னை மூன்றாவது ஊசிக்கு அழைத்துப் போனபோது டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"அத்தைக்கும் வந்துடுத்து டாக்டர். கல்யாணத்துக்குள்ள அவளுக்கும் ஊசியை ஆரம்பிச்சுடுங்கோ."

டாக்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அடுத்த தும்மல் வருகிறதாக்கும் என்று நினைத்து, நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.