சிசிலியனுக்கு நான் போட்ட கோடு

ஒன்பது வயதில் அப்பாவின் சதுரங்கத்தைத் திருத்தப்போன முட்டாள் நான்.

நேற்று வேங்கிக்கால் வீட்டில் நான் ராஜா சிப்பாயை நகர்த்த, அப்பா c வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். சிசிலியன் என்ற தொடக்க ஆட்டம்.

என் ஒன்பது வயதில் அப்பா கும்பகோணத்து நண்பரோடு தபால் கார்டில் ஆடுவார். கார்டுக்கு ஒரு நகர்த்தல். மசியை ஊதிக் காயவைத்து, தபாலில் போட என்னிடம் கொடுப்பார். ஒருநாள் தேரடித் தபால்பெட்டியருகே படித்தேன்: c5, அதே சிசிலியன். நடுவை விட்டுவிட்டு யாராவது இதை ஆடுவார்களா? c-யின் வாய்க்குள் கோடு இழுத்து e ஆக்கினேன். ராஜா சிப்பாய் நடுவுக்கு வந்துவிட்டது. அப்பாவைக் காப்பாற்றிய தியாகியாக வீடு திரும்பினேன்.

அடுத்த கார்டு எப்படியோ ஒத்துப்போனது. அதற்கடுத்ததில், நண்பரின் பலகையில் இன்னும் நகராமலே இருந்த c சிப்பாயால் அப்பா வெட்டினார்.

“ஏமாற்றுகிறவரோடு நான் ஆடுவதில்லை” என்று பதில் வந்தது. அப்பா இருமுறை படித்தார். காய்களைப் பெட்டியில் அடுக்கினார். பிறகு யாருக்கும் கார்டு எழுதவில்லை.

நேற்று பத்து நகர்த்தல் கழித்துத்தான் எனக்கு வாய் திறந்தது. “அப்பா, அன்னைக்குக் கார்டுல கோடு போட்டு மாத்தினது நான்தாம்பா.”

அவர் பலகையிலிருந்து தலை தூக்கவில்லை.

“உன் குதிர போவுது பாரு.”