பிரசிடெண்டு ஊட்டம்மா

மங்களம் ஐந்து வருடம் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தாள். ஊரில் ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருடம், தான் நிற்க முடியாமல் போன ஆத்திரத்தில் புருஷன் சம்பத் அவளை நிறுத்தினான். ஜெயித்தது அவள், மாலை விழுந்தது அவன் கழுத்தில். அன்றிலிருந்து அவன் பிரசிடெண்டு. அவள் பிரசிடெண்டு ஊட்டம்மா, அவன் வீட்டுக்காரி மட்டும்தான். தலைவர் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். ரப்பர் ஸ்டாம்பும் அவன் சட்டைப்பையில்தான் கிடந்தது.

ஒரு வேலையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர். ஏழு முறை தனியாகப் பஸ் ஏறித் திருவள்ளூர் போனாள். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, தொட்டி கட்ட உத்தரவு வாங்கி வந்தாள். திறப்பு விழாவில் குழாயைத் திருகியவன் சம்பத்.

பிறகு ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. ஏரிக் கால்வாய் ஓடிய இடத்தில் அடுக்குமாடி எழுந்தது. ஒரு பெருமழையில் அதன் கீழ்த்தளம் மூழ்கியது. குடியிருப்போர் சங்கத்துக் கோகுல்நாத் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்து நின்றான்.

“மேடம், கால்வாய் மேல மனை போட அனுமதி குடுத்தது நீங்கதானே? தலைவர்னு உங்க கையெழுத்துதான் இருக்கு.”

அவளைத் தலைவர் என்று கேட்டு வந்த முதல் ஆள் அவன்தான்.

கையெழுத்து அவளுடையதுதான். சம்பத் ஒரு மத்தியானம் ஊராட்சி முத்திரை போட்ட ஐம்பது வெறுந்தாளைக் கொண்டுவந்து, “ஒவ்வொரு தபாவும் உன்னத் தேடிகினு வரணுமா? போட்டு வெய்யி” என்றான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போட்டு வைத்தாள். குழம்பு அடிப்பிடித்துவிடுமே என்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கவலை.

நோவில் கட்டிலோடு கிடந்த சம்பத்திடம் திரும்பினாள். “கேக்குறாரு பாரு. சொல்லு.”

சம்பத் சுவர்ப்பக்கம் புரண்டான். “கையெய்த்து போட்டது நீ. என்ன இன்னாத்துக்குக் கேக்குற?”

தை மாதம் அவன் செத்தான். தெருமுனையில் பேனர் ஏறியது. ‘முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர், குடிநீர் தந்த கோமான்.’ கட்டியவன் கொழுந்தன் மகன் பக்தவத்சலம்.

“எவன்டா தலைவரு?”

“பெரிம்மா, சாவு ஊட்ல சண்ட வாணாம். ஊரே அப்டிதான சொல்லுது.”

“கால்வாய வித்தது யாருன்னா ஊரு இன்னா சொல்லுது?”

அவன் பிடரியைச் சொறிந்தான். “அது... பேப்பர்ல உன் பேருதான கீது.”

அவள் அழவில்லை. அதிர்ச்சி என்றார்கள் பெண்கள். காரியம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்துக் குமணன்சாவடி போனாள். சம்பத்துக்குப் பேனர் அடித்த கடைதான். முகமது ஆசிக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான்.

“கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடிக்கணும்.”

“யாரும்மா தவறிட்டாங்க?”

“நான்தான்.”

சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அவள் ஒரு பழைய படத்தை நீட்டினாள். தொட்டித் திறப்பு விழா. சம்பத்தின் தோளுக்குப் பின்னால் அவள் முகம் பாதி தெரிந்தது. “இவன வெட்டிட்டு என்ன மட்டும் எடு. எய்திக்கோ. மங்களம், ஊராட்சி மன்றத் தலைவர். மேட்டுத்தெருவுக்குத் தண்ணி கொண்டாந்தவ. வெறுந்தாள்ல கையெய்த்து போட்டுக் கால்வாயத் தொலைச்சவ. அந்தத் தாள்ல அனுமதின்னு எய்தி வித்தவன் இவ புருஷன் சம்பத்.”

ஆசிக் தட்டச்சை நிறுத்தினான். “அம்மா, அஞ்சலில இதெல்லாம் போடமாட்டாங்க. சொந்தக்காரங்க வந்து கடைய ஒடைப்பாங்க.”

“எனக்கு என்னவிட சொந்தம் யாரு? போடு. அவனுக்கு இன்னா சைஸு அடிச்ச?”

“எட்டுக்குப் பத்து.”

“எனக்குப் பத்துக்குப் பன்னெண்டு. நாளைக்கு டேங்க்குக்குக் கீழ கட்டணும்.”

“நீங்க உசுரோட கீறீங்களேம்மா!”

“அதான் நாளைக்கே கட்டச் சொல்றேன்.”