துவக்குக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தை விட்டு வந்த புதிதில், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு மங்கரேயில், விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை. சேர்ந்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டைத் தனியாகவே சாப்பிட்டு வந்தவர். வேலையை மேற்பார்க்கும் அவருடைய போர்மன் ஒருநாள், ஈஸ்டர் விடுமுறையில் எங்களோடு முயல் வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க, பதவி உயர்வு கிடைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

துப்பாக்கி உரிமம் கொடுக்குமுன் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, என்னைக் குசினியில் தனியாக இருத்திக் கேட்டார். வீட்டில் துப்பாக்கி இருப்பது உங்களுக்குப் பயமா? இல்லை என்றேன். யாழ்ப்பாணத்தில் துவக்கோடு நிற்பவர்களைக் கடக்கும்போதெல்லாம் நிலத்தைப் பார்த்தே நடந்தவள் நான். ஆனால் என் பயத்தால் அவர் திரும்பவும் தனியாகச் சாப்பிட வேண்டுமா?

வாங்கி வந்தது புத்தம் புதிய அரைத்தானியங்கி ரைபிள். விசையை அழுத்த அழுத்த அதுவே அடுத்த ரவையை எடுத்துக்கொள்ளும் என்று குழந்தை மாதிரி விளக்கினார். சுட்டுப் பழகும் திடலுக்குப் போவதற்கு முதல்நாள் மாலை, அதைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த புதுச் சாமான் எதுவும் பொட்டில்லாமல் இருந்ததில்லை. காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினோம், ஃப்ரிட்ஜுக்குக்கூடப் பொட்டு வைத்தோம். இதை மட்டும் விடுவது சரியா? உயிர் எடுக்கிற சாமானுக்கு வைப்பது சரியா? இது ஒருவர்மேலும் பட்டுவிடக் கூடாது என்றும், நாளைக்கு அவருடைய குறி தப்பக் கூடாது என்றும் ஒரே மூச்சில் கும்பிட்டேன். கண்டால் ஏசுவார் என்று, வெளியே தெரியாமல் ரைபிளின் பக்கவாட்டில் இருந்த சிறு துவாரத்துக்குள் விரலை விட்டு வைத்தேன். பன்னீரில் குழைத்த சந்தனம் கொஞ்சம் கூடிப்போனது. மேலே குங்குமம். நாலு வயது மகள் கதிரையில் முழந்தாளிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே பையில் வைத்து மூடிவிட்டேன்.

திடல் ரானுயியைத் தாண்டி, மலைகளுக்கு நடுவில் இருந்தது. போர்மனும் கொட்டகையில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மகளின் தலையில் பெரிய காதடைப்பானை மாட்டிவிட்டார்கள். கணவர் பாயில் குப்புறப் படுத்துச் சுட்டார். என் தோள்கள் துள்ளின. இரண்டாவதும் வெடித்தது. பிறகு ஒன்றுமில்லை. சுட்ட ரவையின் வெற்றுக்கோது அந்தத் துவாரத்தால் வெளியே விழாமல் பாதியில் சிக்கி நின்றது.

போர்மன் ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டு, துவாரத்துக்குள் விரலை விட்டு எடுத்தார். விரலெல்லாம் சிவப்பு.

"என்னது, ரத்தமா?" என்றான் ஒருவன்.

"புது ரைபிள். யார் இதைத் தொட்டது?" என்றார் போர்மன்.

கணவர் படுத்தபடியே என் பக்கம் திரும்பினார். "நீர் ஏதும் தொட்டனீரே?"

"இல்லையப்பா. நான் ஏன் அதைத் தொடுறன்?"

அவர் அதை நம்பினார். தன் மனைவி தொடவில்லை, கடையில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் கடையைச் சொன்னதே போர்மன்தான். திங்கட்கிழமை நானே நேரே போய்க் கேட்கிறேன் என்றார் போர்மன். நான் மகளின் காதடைப்பானைச் சரிசெய்தேன்.

மகள் காதடைப்பானின் ஒரு பக்கத்தை உயர்த்தி, அம்மா அதுக்குப் பொட்டு வைச்சா, காருக்கு வைச்ச மாதிரி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பொட்டு என்ற சொல் அவர்களுக்கு விளங்கவில்லை. அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, பிறகு என்னுடையதைக் காட்டினாள். நாலு ஆண்களும் என் நெற்றியைப் பார்த்தார்கள். அதே சிவப்பு.

"அதுதானா இது?" என்று போர்மன் கேட்டார்.

"ஓம்," என்றேன். ஆங்கிலம் வரவில்லை.

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவன் தன் லாரிக்கும் ஒன்று வைத்துத் தரச் சொன்னான். போர்மன் நெருப்புக்குச்சியால் சுரண்டித் துடைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேளாமல் என்னிடம் சொன்னார்: "உன் விருப்பப்படி ஆசீர்வாதம் பண்ணு அம்மா. ஆனால் அவனிடம் சொல்லு. அந்த ரைபிளில் கன்னத்தை ஒட்டிப் படுப்பவன் அவன்."

கணவர் மிச்சத்தையும் சுட்டார். நன்றாகத்தான் சுட்டார். ஓட்டை விழுந்த தாளை மகளிடம் கொடுத்தார், என்னிடம் காட்டவில்லை. காரில் வரும்போது, "பொட்டு வைச்சதுக்கு ஒண்டுமில்லை, ஆனா நான் கேட்கேக்க..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

ஈஸ்டர் வேட்டைக்கு அவர்கள் என் கணவரை விட்டுவிட்டுப் போகவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திய போர்மன், "இந்த முறையும் பொட்டு உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். அது உண்மை.

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரைபிள் பையை வண்டியின் முன்மூடியில் வைத்துத் திறந்து, அந்தத் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.