தங்கப் படகு போன வெள்ளிக்கிழமை

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அம்மாவின் போனில் ஒரு விளையாட்டு இருந்தது. தீவுகளைச் சுற்றிப் படகு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கூடவே டால்பின்கள் துள்ளி வரும். அவற்றோடு போட்டி போட்டு ஓட்டினால் எனக்குப் பசிகூடத் தெரியாது. பிறகு அந்த விளையாட்டுக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, தினமும் வந்தால் ஒரு பரிசுப் பெட்டி, ஒரு நாளும் விடாமல் மாதம் முழுக்க வந்தால் தங்கப் படகு என்று அறிவித்தார்கள். அதோடு டால்பின்கள் பாடு ஓய்ந்தது. விடிந்ததும் போனை எடுப்பேன், பெட்டியைத் திறப்பேன், வைத்துவிடுவேன். படகை ஓட்டியே வெகுநாளாகியிருந்தது.

தங்கப் படகு கைக்கு எட்டும் சமயத்தில் பெரிய வெள்ளி வந்தது. அன்று எங்கள் வீட்டில் டிவி ஓடாது. அம்மா போன்களையும் அணைத்து அலமாரியில் பூட்டிவிட்டாள். ஒரே ஒரு தடவை தரும்படி கெஞ்சினேன்.

"ஆண்டவரு சிலுவைல தொங்குதாரு, ஒனக்குப் படகு கேக்குதோ?" என்றாள்.

கோயிலில் சிலுவைப் பாதை நடந்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று சித்தி என் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்துவிடுவார், என் தங்கப் படகுக்கு அப்படி ஒரு வழியில்லையே என்பதுதான் என் துக்கம்.

ஈஸ்டர் அன்றுதான் அம்மா அலமாரியைத் திறந்தாள். போனை எடுத்துப் பார்த்தால், கணக்கு மறுபடி முதல் நாளில் நின்றது. அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். ஒரு நடை போய்வந்தால் இவ்வளவு என்று படி வாங்கும் வேலை. அடுத்த நடை பிந்திவிடும் என்று சாப்பாட்டைக்கூட வண்டியிலேயே முடித்துக்கொள்வார். அன்று லாரி ஓடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். படகாவது ஓடுமா, அதுவும் போய்விட்டதா என்று கேட்டுவிட்டுப் போனை வாங்கினார். விளையாட்டில் காசு கிடக்கும் வழியை நான் காட்டக் காட்ட, அவர் தீவின் பின்பக்கம் திருப்பினார்.

"அங்கன ஒண்ணும் கெடைக்காதுப்பா."

"கெடைக்காட்டா என்னளா? ஓட்டுததுக்கு நல்லாருக்குல்லா."

டால்பின்கள் வந்தன. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிரியாணி ஆறுகிறது என்று அம்மா சத்தம் போடும்வரை மாறி மாறி ஓட்டினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதை விளையாடியதே இல்லை.

அதன்பின் ஞாயிறு வந்தால் அவரே போனைக் கேட்பார். எங்கள் அப்பாவுக்கு விளையாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். எத்தனை நடை என்று யாரும் கேட்காத ஒன்றை ஓட்டுவது அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.