கூரையடித் தண்ணீர்

வேம்புவுக்குப் பயம் புதிதல்ல. அவள் பாவாடை கட்டிய வயதில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகப் பக்கத்து வட்டாரத்தில் பண்ணையார்கள் கூலியாட்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அந்தச் சேதி காதில் விழுந்ததிலிருந்து கூரைக்கீற்று கொஞ்சம் சலசலத்தாலும் அவள் வெளியே வந்து கூரையைச் சுற்றிப் பார்ப்பாள். ஆட்சி மாறியது, கொடி மாறியது, கூலிக்கும் குத்தகைக்கும் சட்டங்கள் வந்தன. அவள் தலைக்கு மேலே இருந்தது மட்டும் அதே கீற்றுதான்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே அவள் வாழ்க்கைப்பட்ட தெருவைச் சுற்றியிருந்த நஞ்சையை ஒரு கம்பெனி வாங்கி இறால் குட்டை வெட்டியது. மோட்டார் வைத்துக் கடல்நீரை இறைத்து நிரப்பினார்கள். நடவு வேலை ஒழிந்தது. அவள் கணவன் இராஜாங்கத்துக்குக் குட்டைக் காவல் வேலை கிடைத்தது. அவர்கள் குடியிருந்த மனையும் கம்பெனி வாங்கிய நிலத்தில்தான் இருந்தது. கொஞ்ச நாளில் தெருக்கிணறு உப்புக் கரித்தது. பருப்பு வேகவில்லை, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. பெண்கள் மாதா கோயில் குழாய் வரை வெயிலில் நடந்து குடம் சுமந்தார்கள்.

யாரோ புண்ணியவான்கள் டெல்லியில் வழக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழலைக் காக்க எண்பத்தாறிலேயே ஒரு சட்டம் இருந்ததாம். கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தொண்ணூற்றொன்றில் விதியும் வந்ததாம். இரண்டும் இந்தத் தெருவுக்கு வழி தெரியாமல் எங்கேயோ நின்றுவிட்டன போலிருக்கிறது. தொண்ணூற்றைந்து கோடையில் ஒருவழியாக, நீதிமன்றம் பார்த்துவரச் சொன்ன குழு ஜீப்பில் வந்து இறங்கியது.

வேம்பு செய்துவைத்த காரியத்தை என்னவென்று சொல்ல! வாசல் தேடி வந்தவருக்கு உப்புத்தண்ணீர் கொடுப்பதா என்று, விடிந்ததும் கோயில் குழாய்க்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தாள். குடத்துக்குப் பூ வைக்காத குறைதான். வழக்கே தண்ணீரைப் பற்றித்தான் என்பது அவள் மண்டையில் ஏறவேயில்லை.

அதிகாரி ரெங்கசாமி வெயிலில் வாடி வந்தார். அவள் நீட்டிய சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"தண்ணி நல்லாத்தானேம்மா இருக்கு? இந்தக் கிணத்துத் தண்ணியா?"

அவள் வாய் திறப்பதற்குள் குட்டை மேனேஜர் துரைராசு முந்திக்கொண்டான். "ஆமாங்க சார். சும்மா கிளப்பிவிட்டிருக்காங்க. அந்தக் கொடத்துலேயே புடிச்சுக்குங்க."

ரெங்கசாமி சோதனைக்காகக் கொண்டுவந்த பாட்டிலை நிரப்பி மூடினார். துரைராசு முதலில் வேம்புவைப் பார்த்தான், பிறகு அவள் கூரையைப் பார்த்தான். பீடியைப் பற்றவைத்து, குச்சியை அணைக்காமல் அவள் வாசலில் போட்டான்.

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை வேம்பு குச்சியின்மேல் கொட்டினாள். பாட்டில் இப்படியே போனால் கிணறு போனதுதான். உண்மையைச் சொன்னால் வீடு போனதுதான். இராஜாங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். ஜீப் உறுமியதும் அவள் கிணற்றடிக்கு ஓடினாள். ஒரு வாளி இறைத்துக்கொண்டு வந்து ஜீப்பை மறித்தாள்.

"ஐயா, நீங்க குடிச்சது கோயில் கொழாத் தண்ணிங்க. வந்தவங்களுக்கு உப்புத்தண்ணி குடுக்கக் கூடாதேன்னு நான்தான் கொண்டாந்து வெச்சேன். இதுதாங்க எங்க கெணறு. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

வாயில் வைத்ததுமே ரெங்கசாமி துப்பினார். பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டினார். கிணற்றடிக்குப் போய், தன் கண் முன்னால் இறைக்கச் சொல்லிப் புதிதாக நிரப்பிக்கொண்டார்.

ஜீப் போனதும் இராஜாங்கம் கத்தினான். "நாம இருக்கிறது யாரு மனைன்னு தெரியுமாடி ஒனக்கு? நெருப்பு வெச்சான்னா எங்க போவ?"

பொழுது சாய்வதற்குள் வேம்பு அண்டா, குடம், சட்டி என்று இருந்த எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக் கூரையடியில் வைத்தாள். குடிக்கத்தான் ஆகாது, நெருப்பை அணைக்க ஆகும்.

யாரும் கொளுத்தவில்லை. இராஜாங்கத்துக்கு வேலைதான் போயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில், கடலோரக் குட்டைகளை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தெருவில் வெடி வெடித்தார்கள். மோட்டார்கள் ஓய்ந்தன, மழைக்கு மழை கிணறும் தேறி வந்தது. ஒருநாள் வேம்பு கூரையடி அண்டாவைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் இறால் குட்டைகளுக்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பதிவு செய்துகொண்டால் நடத்தலாமாம் என்று இராஜாங்கம் டீக்கடையில் கேட்டுவந்து சொன்னான். பழைய குட்டைக் கரையில் துரைராசுவின் மோட்டார் சைக்கிள் நின்றதை வேம்பு காலையிலேயே பார்த்திருந்தாள். எழுந்துபோய் அண்டாவை நிமிர்த்தினாள். கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள்.

இராஜாங்கம் பின்னாலேயே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.

"நான் எறைக்கிறேன். நீ போயி மத்த ஏனத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்றான்.