வாக்காளர் பட்டியலில் பெலிண்டா

எங்கள் பாலக்கரையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முதலில் தரகரிடம் போவார்கள். அப்புறம் சத்தமில்லாமல் லூர்துராணி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பையன் பெயர், அப்பா பெயர், ஊர், இந்த மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். பையன் மேல் கோர்ட்டில் வழக்கு உண்டா, சொந்த வீடு என்கிறார்களே அதன் பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று நான்கு நாளில் சொல்லிவிடுவாள். எல்லாம் அரசாங்கமே இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருப்பதுதான். அவளும் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. சந்தேகப்படுவதற்கு அவளுக்குக் கூலி வேறு கொடுக்க வேண்டுமா என்ன?

நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தோம். நான் அறிவியல் டீச்சர், அவள் ஆபீஸ் கிளார்க். டி.சி. வாங்க வரும் அப்பாக்களிடம்கூட அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஓய்வு பெற்றும் பக்கத்து வீடுதான். அவளுடைய விசாரணையெல்லாம் எங்கள் வீட்டு வைஃபையில் நடந்தது, பாஸ்வேர்டைக் கொடுத்தவள் நான். அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் அவளுக்கு ஒரு பம்பாய் மாப்பிள்ளை வந்தார். அவர்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லுங்கள் என்று பூசை முடிவில் எல்லார் காதுபடப் படிப்பார்கள். இவளுக்கும் மூன்று வாரம் படித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணமான நான்காம் மாதம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் பம்பாயிலிருந்து வந்து நின்றாள். அன்றைக்கே லூர்து பிறந்த வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு ஓலை என்றாலே அவளுக்கு இளக்காரம். அவர்களே எழுதிக் கொடுப்பதைச் சாமியார் படிக்கிறார், இதில் என்ன உண்மை இருக்கும் என்பாள்.

அவள் தம்பி ஆசீருக்கு ஒரே மகள், பிரான்சி. வயது முப்பது. இரண்டு வரன்கள் அத்தையால் நின்று போயின. துறையூரில் சொந்த வீடு என்ற முதல் பையனுக்குப் பட்டாவே இல்லை, அது நல்லதாகப் போயிற்று. இரண்டாமவன் பெயர் கோர்ட் தளத்தில் ஒரு விபத்து வழக்கில் இருந்தது. கேஸ் உள்ள பையன் என்று ஊரைக் கூட்டிவிட்டாள். அடிபட்டுப் புகார் கொடுத்தவனே அவன்தான் என்று தெரிந்தபோது அவனுக்கு வேறிடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. பிரான்சி ஒரு மாதம் அத்தையோடு பேசவில்லை. இதுவும் போனால் இனிமேல் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

மூன்றாவதாக வந்தவன் ரெஜிஸ். ரயில்வேயில் வேலை, முப்பத்தைந்து வயது, ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. பிரான்சிக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆசீர் இந்த முறை அக்காவைக் கேட்கவே இல்லை. ஓலை வாசிக்கக் கொடுத்தாயிற்று என்று மட்டும் போனில் சொன்னார். அது போதாதா அவளுக்கு? முப்பத்தைந்து வரை ஏன் கல்யாணம் ஆகவில்லை, நம்மாள் ஒருவன் நம் கோயில் பக்கம் வீடு பார்க்காமல் ஸ்ரீரங்கத்தில் போய் ஏன் இருக்கிறான் என்று என்னைக் கேட்டாள். எனக்கும் அப்போது அது கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்ல மாட்டேன்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு அவள் காலைப் பூசைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்து ஸ்ரீரங்கம் தொகுதியின் வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக இறக்கிக் கொண்டிருந்தாள். பெயரைத் தட்டித் தேட முடியாத பட்டியல் அது, பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அம்மா மண்டபம் சாலைப் பக்கத்துத் தெருக்களைப் பார்த்து முடிக்க மாலை ஆயிற்று. ஏழு மணிக்குத் தாளோடு வந்தாள். ரெஜிஸ் பெயருக்கு அடுத்த கட்டத்தில், அதே வீட்டு எண்ணில், பெலிண்டா. வயது முப்பத்தொன்று. கணவர் பெயர் ரெஜிஸ். அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள்.

"பாத்தீங்களா டீச்சர். எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கப் போவுது."

ஆசீரிடம் உடனே சொல் என்றேன். முழுசாகத் தெரியாமல் வாய் திறக்க மாட்டேன் என்றாள். விசாரணை முடியும்வரை யாரிடமும் பேசக்கூடாது என்பது அவள் சட்டம். போன் வந்தால்கூட எடுக்க மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி இரண்டு பேரும் ஸ்ரீரங்கம் போனோம். மாடி வீடு, பூட்டியிருந்தது. கதவில் ரெஜிஸ், பெலிண்டா என்று இரண்டு பெயரும் போட்ட பலகை. கீழே உறை போட்ட லேடீஸ் ஸ்கூட்டி ஒன்று. லூர்து உறையைத் தூக்கி நம்பரை எழுதிக்கொண்டாள். இரண்டு டயரிலும் காற்றே இல்லாததை நான் பார்த்தேன். யாரும் ஓட்டாத வண்டி என்று மனதில் பட்டது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. மாட்டினான் என்ற சந்தோஷத்தில் எனக்கும் கண் மறைத்திருந்தது. அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம்.

வியாழக்கிழமை கல்யாணப் பத்திரிகை வாசகத்தை முடிவு செய்ய ரெஜிஸும் அவன் அம்மாவும் ஆசீர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். லூர்து அதற்காகவே காத்திருந்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காபி டம்ளர்களுக்கு நடுவே அந்தத் தாளை விரித்து வைத்தாள்.

"யாரு தம்பி இந்தப் பெலிண்டா?"

ரெஜிஸ் தாளைப் பார்த்தான். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"என் மனைவிங்க. கொரோனா ரெண்டாவது அலையில தவறிட்டாங்க. ஸ்ரீரங்கத்துலதான் ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தாங்க."

செத்தவர் பெயர் பட்டியலில் எப்படி இருக்கும் என்று லூர்து விடாமல் கேட்டாள். நானே அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பேரை எடுக்க ஃபாரம் குடுத்தாங்க. ரெண்டு தடவை வாங்கிட்டு வந்தேன். நிரப்ப முடியலைங்க."

பிரான்சி எழுந்து அத்தையின் எதிரே வந்து நின்றாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிச்சாங்களே அத்தை. மனைவி பெலிண்டாவை இழந்தவர்னு சேத்துத்தான் வாசிச்சாங்க. ஊருக்கே தெரியும். நீங்க எங்க இருந்தீங்க?"

ஆசீர் தரையைப் பார்த்தபடி மீதியைச் சொன்னார். முன்னாலேயே சொன்னால் அக்கா எதையாவது கிளப்பி இதையும் நிறுத்திவிடுவாள் என்று பயந்தார்களாம். கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்களாம். அவள் வரவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஞாயிறிலிருந்து நாலைந்து தடவை கூப்பிட்டும் அவள் எடுக்காததால், தெரிந்து கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தார்களாம். நான் முஸ்லிம், ஓலை என் காதுக்கு எங்கே வரும்?

அந்தத் தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று ரெஜிஸ் கேட்டான். லூர்து தலையை மட்டும் ஆட்டினாள். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பத்திரிகையில் தாத்தா பெயரைப் போடுவதா வேண்டாமா என்று ஆசீரிடம் கேட்டான். பிரான்சி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கல்யாணம் நிற்காது என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நிற்கவும் இல்லை. குறித்த தேதியில் நடந்தது.

நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தோம். கடைத்தெருக் கூட்டத்தில் லூர்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பிடித்து நடந்ததில்லை. மருந்துக் கடை முன்னால் நின்றுவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"அந்தப் புள்ள பேரை அடிக்க மனசு வராம இத்தன வருஷம் வச்சிருந்திருக்கான் டீச்சர். நான் அதுல செவப்புப் பேனாவால வட்டம் போட்டுக் குடுத்துட்டேன்."