தேவகி தொட்டால் நின்றுபோகும் லேப்டாப்

1. ஏழு கிலோ சனியன்

இப்போதைய பிள்ளைகள் லேப்டாப்பை மெத்தையில் போட்டு, மேலே போர்வையையும் இழுத்துவிட்டுப் படம் பார்க்கிறார்கள். அப்புறம் "அங்கிள், சூடாவுது, தானா ஆஃப் ஆயிடுது"ன்னு என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. அதே கோளாறு எண்பதுகளின் கடைசியில் என் மண்டையை ஒரு மாதம் காயவைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் அப்போது கோலாலம்பூருக்கு வடக்கே ஈப்போ டவுனில் ஓர் ஆபீஸ் சாமான் கடையில் டெக்னீஷியன். புந்தோங்கில் வீடு. டைப்ரைட்டர், நகலெடுக்கும் ரோனியோ மிஷின் எல்லாம் தண்ணி பட்ட பாடு. கம்ப்யூட்டருக்கு ஆறு வாரம் கோர்ஸ் போய்விட்டு வந்திருந்தேன். ஆறு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு திமிர் வேறு.

தெலுக் இந்தான் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டம். பாதி மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்து ஆபீஸ் எங்கள் கடையில் ஒரு லேப்டாப் வாங்கியது. லேப்டாப் என்று பெயர்தான். ஏழு கிலோ. மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும். கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்து வரும், பாட்டரி கிடையாது, எப்போதும் கரண்டில் செருகியே இருக்க வேண்டும். அடித்தகட்டில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அது வழியாகக் காற்றை இழுத்துப் பின்பக்கமாகத் தள்ள உள்ளே ஒரு சின்ன விசிறி.

அதில் வேலை செய்யத் தேவகி என்ற பெண்ணைப் போட்டிருந்தார்கள். அம்மா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். அப்பா முனியாண்டிக்கு ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டில் வேலை. ஐந்தாம் படிவம் வரை பள்ளிப் படிப்பை முடித்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்த முதல் ஆள் தேவகிதான். யார் யார் எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார்கள் என்ற விவரத்தைத் தினமும் பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அடிக்க வேண்டும்.

மிஷின் போய் இரண்டாவது வாரமே ஆரம்பித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே டப்பென்று நின்றுவிடும். அதுவரை அடித்ததெல்லாம் போச்சு. அரை மணி கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துகொள்ளும்.

2. எனக்கு ஒன்றும் புரியவில்லை

முதல் தடவை போனேன். கடை வேனுக்கு சைலன்சர் ஓட்டை, நான் வருவது அரை மைலுக்கு முன்னாலேயே தோட்டத்துக்கே தெரியும். ஆபீஸ் பக்கத்து அறையில் மிஷின் இருந்தது. மேலே தகரக் கூரை, உள்ளே நுழைந்தால் அவியும். சூடுதான் காரணம் என்று முதலில் தோன்றியது. சரி என்று மிஷினைப் போட்டு மூன்று மணி நேரம் நானே உட்கார்ந்து ஓட்டினேன். என் சட்டைதான் நனைந்தது. மிஷின் ஜம்மென்று ஓடியது. ஆக, சூடு இல்லை என்று முடிவு கட்டினேன்.

நான் ஈப்போ போய்ச் சேர்வதற்குள் கடைக்குப் போன் வந்துவிட்டது. மறுபடி நின்றுவிட்டதாம்.

இரண்டாவது தடவை போனபோது கரண்டைச் சந்தேகப்பட்டேன். தோட்டத்து ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் கொண்டுபோய் மாட்டினேன். அப்புறம் எறும்பு. மிஷினைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஓர் எறும்புகூட இல்லை, ஒரு பல்லி முட்டை இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டேன். அடித்தகட்டில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் கதவுப் பிடிகூடப் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன்.

மறுநாளும் நின்றது.

ஆபீசின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் அரை மணி நேரம் அவரும் அந்த மிஷினில் கடிதம் அடிப்பார்.

"தம்பி, எனக்கு ஒரு நாளும் நிக்கேல்லை. உந்தப் பிள்ளை இருந்தாத்தான் நிக்குது. என்ன மாயமோ தெரியாது" என்றார்.

லயத்தில் அதற்குள் செய்வினை என்று பேச்சு. தேவகியின் அம்மா எலுமிச்சம்பழம் ஒன்றை மந்திரித்து மேசைக் காலில் கட்டிவைத்திருந்தார். சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் என் கோர்ஸ் நோட்டில் இருந்ததும் அந்த எலுமிச்சம்பழத்துக்கு மேல் ஒன்றும் உதவவில்லை.

மூன்றாவது தடவை போனபோது மிஷினை ஈப்போவுக்குத் தூக்கிவந்து கடை மேசையில் மூன்று நாள் இரவு பகலாக ஓடவிட்டேன். தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, வந்து வந்து பார்த்தார். "சேகர், இந்த மிஷின் நல்லாத்தான் இருக்கு லா. நீதான் சரியில்ல" என்றார். தலையைப் பிய்த்துக்கொண்டேன். இங்கே ஓடுகிறது, அங்கே நான் இருந்தால் ஓடுகிறது, கிராணி இருந்தால் ஓடுகிறது. அவள் உட்கார்ந்தால் மட்டும் படுத்துக்கொள்கிறது. ஒரு மிஷினுக்கு ஆள் தெரியுமா?

3. கையெழுத்து

நாலாவது தடவை மிஷினைத் திருப்பிக் கொண்டுபோன அன்று மேனேஜர் என்னைத் தம் அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். கோலாலம்பூரிலிருந்து வந்தவர், கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்திலிருந்து அவருக்கும் ஏச்சு.

"இங்க பாருங்க சேகர், மிஷின் நல்லா இருக்கா இல்லையா?"

"நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்ப அந்தப் புள்ளதான் என்னமோ பண்ணுது. எழுதிக் குடுத்துடுங்க. திங்கக்கெழமையிலேர்ந்து அதைப் பெரட்டுக்குப் போகச் சொல்லிடுறேன். டவுன்லேர்ந்து வேற ஆளு பாத்துக்கலாம்."

பெரட்டு என்றால் விடியற்காலையில் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு வெளிக்காட்டு வேலைக்குப் போவது. ஐந்தாம் படிவம் படித்த பெண் கையில் மறுபடி புல்வெட்டுக் கத்தி.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதமாகப் பட்ட அவமானம். எப்படியாவது இந்தத் தோட்டத்தை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. "மிஷினில் பழுது இல்லை. பயன்படுத்துபவரின் தவறு" என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதினேன். பயன்படுத்துபவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தேவகியின் பெயர். கீழே என் கையெழுத்து.

ரிப்போர்ட்டின் ஒரு நகலை மிஷின் பக்கத்தில் வைக்க வேண்டும். கொண்டுபோய் வைத்தேன். தேவகி படித்துப் பார்த்தாள். மூஞ்சியில் ஈயாடவில்லை. "சரிங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

4. வேன் சிக்கியது

அன்று நல்ல மழை பெய்து விட்டிருந்தது. தோட்டத்துச் செம்மண் பாதையில் வேன் சக்கரம் பாதி வரை இறங்கிவிட்டது. தள்ள ஆள் கூப்பிடலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேறும் சகதியுமாக ஆபீசுக்கு நடந்தே திரும்பினேன்.

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. தேவகி அடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை நாற்காலி போகப்போகிறது, அன்றைய பால் விவரத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்ணைத் துடைத்துத் துடைத்து அடிக்கிறாள். என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து மிஷினை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள். பாதிதான் தூக்க முடிந்தது. மிஷினுக்கு அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

ரப்பர் ஷீட். புகை போட்டுக் காய்ந்த, பழுப்பு நிற ஷீட், இரண்டாக மடித்தது. சூட்டில் இளகி, மிஷினின் கால்கள் அதில் புதைந்து, அடித்தகட்டு ஓட்டைகள் அத்தனையையும் களிம்பு பூசின மாதிரி அடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. காற்று போக வழியே இல்லை. உள்ளே சூடு ஏறினதும் தெர்மல் கட்-அவுட் கரண்டை வெட்டிவிடுகிறது. ஆறினதும் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான். ஒரு மாதக் கூத்து!

எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். "அறிவு இருக்கா ஒனக்கு? இதைப் போயி யாராச்சும் அடியில வைப்பாங்களா?"

"நீங்கதானேண்ணே வைக்கச் சொன்னீங்க" என்றாள்.

எனக்கு நினைவுக்கு வந்தது. மிஷின் கொண்டுவந்து இறக்கிய அன்று, இரும்பு மேசையில் கைபட்டால் சுர்ரென்று கரண்ட் லேசாக இழுத்தது. அந்த ஆபீசில் எர்த் வயரே கிடையாது. எர்த் போடுவது என் வேலை. அவசரம், பசி வேறு. "ஒன்னும் ஆவாது, அடியில ரப்பர் ஏதாச்சும் போட்டுக்க"ன்னு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். சைக்கிள் டியூபில் நாலு சின்னத் துண்டு வெட்டி மூலைக்கு ஒன்றாக வைப்பாள் என்று நினைத்திருப்பேன் போல. அதைச் சொல்லவில்லை. ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணிடம் ரப்பர் என்றால் அவள் எதை எடுப்பாள்?

"சரி, நான் வரும்போதெல்லாம் இது எங்க போச்சு?"

"வேன் சத்தம் கேட்டா எடுத்து டிராயர்ல வச்சிருவேன். பெரிய கிராணி எழுந்திரிச்சு போனப்பறம்தான் திரும்ப எடுத்து வைப்பேன்." குரல் இறங்கிவிட்டது. "அப்பா புகைவீட்டுலேர்ந்து கொண்டாந்தது. யாரையும் கேக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில், மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் ஒரு பிடி வீட்டுக்குப் போனாலும் திருட்டு. அதற்கு முந்தின வருஷம் ஒருவரை அப்படித்தான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். ஷீட்டைக் காட்டினால் அப்பா வேலை, வீடு எல்லாம் போச்சு. காட்டாவிட்டால் அவள் நாற்காலி மட்டும் போகும். அவள் நாற்காலியை விடத் தயாராகிவிட்டாள்.

5. இரண்டாவது ரிப்போர்ட்

மேனேஜர் அறைக்குச் சேற்றுக் காலோடு போனேன். முதல் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"என்ன சேகர், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"தப்பு என்னுது சார். எர்த் போடாம விட்டுட்டேன். கரண்ட் இழுக்காம இருக்க அடியில ரப்பர் வைக்கச் சொன்னேன். அது காத்து ஓட்டைய அடைச்சிருச்சு."

"என்ன ரப்பர்?"

"இந்தத் தோட்டத்து ஷீட்டு சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஷீட்டு எப்படி ஆபீசுக்கு வந்துச்சு?"

"நான்தான் புகைவீட்டுல போய் ஒன்னு வேணும்னு வாங்கிட்டு வந்தேன். கம்பெனி ஆளுன்னு குடுத்தாங்க. ஒங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்கல."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் புகைவீட்டுப் பக்கம் பார்த்தார். அப்புறம் என் எதிரிலேயே தவுக்கேக்குப் போன் போட்டு, என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். போனை வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைய வேலையைப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் "டெக்னீஷியன் தவறு" என்று எழுதி, பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தவுக்கே என்னை ஒன்பது மாதம் டைப்ரைட்டர் பக்கம் தள்ளிவிட்டார். கம்ப்யூட்டரைத் தொடக்கூட விடவில்லை. நியாயம்தான்.

6. எர்த் கம்பி

டைப்ரைட்டர் பக்கம் தள்ளுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ஆபீசுக்கு வெளியே மண்ணில் செம்புக் கம்பி அடித்து எர்த் இழுத்தேன். பழைய சைக்கிள் டியூபில் நாலு கட்டை செய்து மிஷினின் நாலு மூலைக்கும் வைத்து, ஒரு விரல் உயரம் தூக்கினேன். விசிறியைக் கழற்றித் தூசி தட்டினேன். தேவகியைப் பின்பக்கம் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெதுவெதுவென்று காற்று வந்தது. "இந்தக் காத்து நின்னா மிஷினும் நிக்கும். அடியில எதையும் மூடக்கூடாது. துணிகூட வேணாம்" என்று இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன். லேப்டாப் சூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த மொத்தப் பாடமும் அவ்வளவுதான். உங்கள் மெல்லிசு மிஷினுக்கும் அதேதான்.

சாமான்களை எடுத்துவைக்கும்போது மனசு கேட்கவில்லை. "ஏம்மா, என்கிட்ட மட்டுமாச்சும் தனியா சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"நீங்க வந்தா நேரா மேனேஜர் ரூமுக்குப் போவீங்க. அவரோட டீ குடிப்பீங்க. கிராணி ஐயாகிட்ட கேட்டீங்க, ஜெனரேட்டர் ஓட்டுறவர்கிட்ட கேட்டீங்க. எறும்பு இருக்கான்னு ஆபீஸ் கூட்டிப் பெருக்குறவங்ககிட்டகூட கேட்டீங்க. நாலு தடவ வந்தீங்கண்ணே. என்னை ஒன்னுமே கேக்கலியே."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அவளைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

மிஷினின் பின்பக்கம் இன்னொரு தடவை கையை வைத்துப் பார்த்தாள்.

"தெரியலண்ணே. பயந்துகிட்டு சொல்லாமகூட இருந்திருப்பேன். ஆனா கேட்டுட்டு என் பேரை எழுதியிருந்தீங்கன்னா, அன்னிக்கு அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்தேன். எந்த மிஷினாக இருந்தாலும், ஸ்குரூடிரைவரை எடுக்குமுன் அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க சொல்லுங்க" என்று ஆரம்பிப்பேன்.